மூன்றாம் மாடியில் குவைத்

எங்கள் கட்டிடத்தில் குவைத் மூன்றாம் மாடியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆயுசுக்கும் பூகோளம் நடத்தியவள் நான். உண்மையான குவைத் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் எகிப்தின் மன்ஸூராவில், எங்கள் தெருவில், "பய்யூமி ஹாஜியோட மகன் ரிஃபாத் எங்கே?" என்று யாராவது கேட்டால், கட்டிடமே ஒரே குரலில் "குவைத்துல மின்சார வேலை பாக்கறான்" என்று சொல்லும். அந்த நேரத்தில் ரிஃபாத் மூன்றாம் மாடியின் பின்பக்க அறையில், சன்னலை அடைத்துக்கொண்டு, சோபாவில் மல்லாந்து கிடப்பான்.

அவனுக்கு மனச்சிதைவு. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும்போது காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்ததாம். ஆஸ்பத்திரி, மருந்து, மறுபடியும் ஆஸ்பத்திரி. பழைய தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்து, தங்கை நெர்மீனுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் குடும்பம் எங்கள் கட்டிடத்துக்குக் குடிவந்தது. அதற்குள் மருந்தில் குரல்கள் அடங்கியிருந்தன. அவனும் கூடவே அடங்கிப்போயிருந்தான்.

இரண்டாவது மாப்பிள்ளை தாமிர். நல்ல பையன், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பெண் பார்க்க வந்த அன்று அவன் அம்மா சுஹைர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "மூத்த பையன் ஒருத்தன் இருக்கானாமே?" என்று கேட்டாளாம். பய்யூமி ஹாஜி யோசிக்கவே இல்லை. "குவைத்துல இருக்கான்" என்றார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் வளைகுடாவில் இருக்கிறான். யாரும் மேற்கொண்டு துருவமாட்டார்கள். அடுத்த அறையில், கதவுக்குப் பின்னால், ரிஃபாத் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருத்தம் பார்த்துக் கொடுத்தது நான். ரிஃபாத்தின் அம்மாவை ஊர் வழக்கப்படி நாங்கள் உம்மு ரிஃபாத் என்றுதான் கூப்பிடுவோம். அவள் என் வீட்டுக்கு ஓடி வருவாள். "டீச்சர், சம்பந்தியம்மா போன்ல கேக்கறாங்க, குவைத்துல இப்ப வெயிலா மழையான்னு!" என்பாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "புழுதிக்காத்துன்னு சொல்லு. வடமேற்கிலிருந்து அடிக்குதுன்னு சொல்லு" என்பேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. குவைத்திலிருந்து அண்ணன் அனுப்பிய கம்பளிகள் என்று சீருக்கு வைத்தார்களே, அவை எங்கள் சந்தையில் வாங்கியவை. அவற்றின் விலைச் சீட்டுகளை வெட்டியது என் கத்தரிக்கோல்.

ரிஃபாத் இதற்கிடையில் பருத்துக்கொண்டே போனான். கன்னம் தொங்கியது, வயிறு சரிந்தது, சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பய்யூமி ஹாஜி அவனைப் பார்க்கும்போதெல்லாம், "தின்னுட்டுத் தின்னுட்டுப் படு. சோபாவுக்கே கால் முளைச்சு நடக்கும், நீ நடக்க மாட்டே" என்று கத்துவார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இத்தனை கூச்சம் இருக்காது.

ஒருமுறை அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போக உம்மு ரிஃபாத் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். தெரு தூங்கும் மதிய நேரத்தில், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, டாக்ஸியில் அவனைக் கடத்திக்கொண்டுதான் போனோம். டாக்டர் ஒரு சின்னப் பெண். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள்.

"இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பார்?"

"சோபாவிலேர்ந்து கக்கூஸ் வரைக்கும்" என்றாள் உம்மு ரிஃபாத்.

"அப்புறம்?"

"கக்கூஸ்லேர்ந்து சோபா வரைக்கும்."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"என்ன பண்றது டாக்டரம்மா, சோம்பேறியாப் போயிட்டான்" என்று உம்மு ரிஃபாத் கையைப் பிசைந்தாள்.

"சோம்பேறித்தனம் இல்லம்மா இது. பாதி வியாதி, பாதி மருந்து. எழுந்து நடக்கணும்ங்கிற எண்ணமே இவருக்குள்ள எழும்பாது. நீங்க திட்டினா அது எழும்பிடுமா? ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கு, கொழுப்பு ஏறியிருக்கு. இந்த வியாதி உள்ளவங்க மத்தவங்களைவிட ரொம்ப முன்னாடியே போயிடறாங்க. அதுல நிறையப் பேர் போறது மாரடைப்புல. குரல் கேக்கறதைப் பத்தி எல்லாரும் பயப்படறீங்க, இந்த உடம்பைப் பத்தி ஒருத்தரும் பயப்படறதில்ல." ரிஃபாத்தின் பக்கம் திரும்பி, "சாயங்காலம் நைல் கரையில நடப்பீங்களா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். யார் எது கேட்டாலும் அவன் தலையாட்டுவான். டாக்டர் மறுபடி எங்களைப் பார்த்தாள். "தனியாப் போகச் சொன்னா போக மாட்டார். யாராவது கூட நடக்கணும். தினமும் நடக்கணும்."

"நான் இருக்கேனே" என்று முந்திரிக்கொட்டை மாதிரிச் சொன்னது நான்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பய்யூமி ஹாஜி துள்ளிக் குதித்தார்.

"நைல் கரையா! ஊரே அங்கதான் நடக்குது. சம்பந்தி வீட்டு பால்கனியே அங்கதான் பாக்குது. குவைத்துல இருக்கறவன் எப்படிம்மா நைல் கரையில நடப்பான்?"

"லீவுல வந்திருக்கான்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"லீவுல வந்தவன் மாப்பிள்ளையை வந்து பாக்க மாட்டானா டீச்சர்? ரெண்டு வார்த்தை பேச மாட்டானா? கை நடுங்கறதைப் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டவரின் குரல் தாழ்ந்தது. "என் பொண்ணுக்கு இதுவும் உடைஞ்சா அடுத்தது வராது."

நெர்மீன் அங்கேதான் நின்றாள். மோதிரத்தை விரலில் திருகிக்கொண்டிருந்தாள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பார்களே, அந்தக் காவலில் இப்போது ஒரு மனிதன் மாட்டிக்கொண்டிருந்தான்.

கடைசியில் மொட்டை மாடி என்று முடிவாயிற்று. நான் இருப்பது மேல்தளம். எனக்கு மேலே மொட்டை மாடிதான். டிஷ் ஆன்டெனாக்களுக்கும் கோழிக்கூண்டுகளுக்கும் நடுவே உம்மு ரிஃபாத் மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவாள். அவன் செருப்பு தேய்கிற சத்தம் என் தலைக்கு மேல் கேட்கும். கொஞ்ச நாளில் அவள் முழங்கால் வீங்கிவிட்டது. நான் இருக்கிறேன் என்றேனே, நானும் ஏறினேன், இரண்டோ மூன்றோ தடவை. பிறகு காற்று அதிகமாயிற்று, கோழி நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை, டி.வி. நாடகமும் அந்த நேரத்தில்தான் வருகிறது. மனம் இல்லாதவனுக்குக் காரணமா கிடைக்காது? செருப்புச் சத்தம் நின்றுபோனது. தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்திருப்பான். கீழே சோபா, மேலே தொட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனை எழுப்பியது நாங்கள் யாரும் இல்லை, காஸ் சிலிண்டர்.

எங்கள் தெருவுக்கு இன்னும் குழாய் எரிவாயு வரவில்லை. சிலிண்டர் வண்டிக்காரன் ஸ்பானரால் இரும்பைத் தட்டிக்கொண்டு வருவான். வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். லிஃப்ட் என்ற ஒன்று எங்கள் கட்டிடத்தில் பெயருக்குத்தான் உண்டு. ஒருநாள் நான் சிலிண்டரைப் படிப்படியாக உருட்டி ஏற்றிக்கொண்டு, கட்டிட உரிமையாளரின் ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கொண்டு வந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த ரிஃபாத் நின்று பார்த்தான். ஒன்றும் பேசாமல் குனிந்து, அதைத் தோளில் தூக்கி, என் கதவு வரை கொண்டுபோய் வைத்தான். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் முகத்தில் ஏதோ விழித்துக்கொண்டது. நான் அவன் முகத்தில் அதுவரை பார்த்திராத ஒன்று.

"வேற யாருக்காவது இருக்கா டீச்சர்?" என்று கேட்டான்.

இருந்தது. எல்லோருக்கும் இருந்தது. வட்டமாகச் சுற்றச் சொன்னால் சுற்றாதவன், ஒரு வேலை என்றால் எழுந்தான். படிக்கட்டு தெருவுக்குத் தெரியாது. ஆகவே குவைத்துக்கும் பங்கமில்லை. சிலிண்டர் ஏறியது, அரிசி மூட்டை ஏறியது, தண்ணீர்க் கேன் ஏறியது, இரண்டாம் மாடிக்காரியின் பீரோவே ஏறியது. வயிறு இறங்கியது. அடுத்த தடவை டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "பாருங்க, சர்க்கரை இறங்கியிருக்கு! யாரு இவர்கூட நடக்கறது?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். உம்மு ரிஃபாத் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எந்த முகத்தோடு சொல்வது? அவன் தனியாகத்தான் ஏறினான், இறங்கினான். கட்டிடத்தில் ஒரு வீடுகூட அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் டீ கொடுக்கவில்லை. கதவைப் பாதி திறந்து, "அங்க வெச்சிடுப்பா, கடவுள் உனக்குப் பலம் கொடுக்கட்டும்" என்று சொல்லி மூடிவிடுவோம். பயம் என்று சொல்லிக்கொண்டோம். அவன் சிலிண்டரைத் தூக்கும்போது மட்டும் யாருக்கும் பயம் இருந்ததில்லை.

சீர் போகும் நாள் வந்தது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் சாமான்களை வண்டியில் ஏற்றி, மேளம் கொட்டி, ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டுதான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பார்க்கிறவர்கள் கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். இரண்டு லாரி வந்து நின்றது. பய்யூமி ஹாஜியின் தம்பி மகன்கள் கிராமத்திலிருந்து வந்து தூக்குவதாக ஏற்பாடு. வந்தது ஒருவன்தான், அவனும் ஒல்லிக்குச்சி. சலவை இயந்திரத்தை ஒரு மாடி இறக்குவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லாரி டிரைவரைக் கேட்டால், "நான் வண்டி ஓட்டறவன் ஹாஜி, எருமைமாடு இல்ல" என்கிறான். வாசலில் மேளக்காரர்கள் காத்திருக்கிறார்கள், பெண்கள் குலவையிடத் தயாராக நிற்கிறார்கள். பய்யூமி ஹாஜிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உம்மு ரிஃபாத் பின்பக்க அறைக் கதவைத் திறந்தாள். அன்று அவனிடம் வெளியே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். "ரிஃபாத், கண்ணு, கீழ் வாசல் வரைக்கும் மட்டும்ப்பா. தெருவுக்குப் போயிடாதே" என்றாள்.

அவன் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினான். கடைசியில் ஃப்ரிட்ஜ். வாசலில் லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். டிரைவரும் ஒல்லிக்குச்சியும் பிடித்தும் அது ஏறவில்லை, சாய்ந்தது. ரிஃபாத் ஒரே எட்டில் வெளியே வந்து தோளைக் கொடுத்து மேலே தள்ளினான். பிறகு தானும் தாவி ஏறி, இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு நின்றான். பட்டப்பகலில், மொத்தத் தெருவும் பார்க்க. எங்கள் கட்டிடத்துப் பெண்களின் குலவை பாதியிலேயே தொண்டைக்குள் போய்விட்டது.

"இறங்கு" என்றார் பய்யூமி ஹாஜி, உதடு அசையாமல்.

"யாராவது பிடிச்சுக்கலேன்னா விழுந்துடும்ப்பா. நெர்மீனோட ஃப்ரிட்ஜ்."

டிரைவர் திரும்பினான். "யாரு ஹாஜி இது? உங்க வீட்டுப் பையனா?"

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு பால்கனிகள் நிறைந்திருந்தன. பய்யூமி ஹாஜி மகனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இல்லப்பா. கூலிக்கு வந்தவன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ரிஃபாத் அதைக் கேட்டான். தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ஃப்ரிட்ஜை இன்னும் இறுக்கிப் பிடித்தான். லாரி கிளம்பியது.

நைல் கரை வழியாகத்தான் போனோம். பெண்கள் வேனில் உட்கார்ந்திருந்த நான் முன்னால் போன லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக் காற்று அவன் சட்டையை ஊதிப் பெரிதாக்கியது. நடக்கிறவர்கள் நின்று கைதட்டினார்கள். அவன் கழுத்தை நீட்டி நீட்டித் தண்ணீரைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான், ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் அந்த ஆற்றைப் பார்க்கிறான் என்று நினைத்தபோது, என் பக்கத்தில் உம்மு ரிஃபாத் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேனில் இருந்தவர்கள் மகளைப் பிரியும் அழுகை என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வீடு ஐந்தாம் மாடி. அங்கே லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் ஃப்ரிட்ஜ் அதற்குள் நுழையவில்லை. ரிஃபாத் ஒரு பட்டையை நெற்றியில் கொடுத்து, அதை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவான். அப்போது கை நடுங்கும். மருந்து செய்கிற நடுக்கம் அது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் தாமிரின் மாமா அதைப் பார்த்துவிட்டார். வாயாடி மனிதர்.

"என்ன ஹாஜி, உங்க கூலிக்காரன் காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டானா? கை இந்த ஆட்டம் ஆடுது! ஃப்ரிட்ஜுக்குள்ள தயிர் வெச்சிருந்தா மேல போறதுக்குள்ள வெண்ணெய் திரண்டுடும் போலிருக்கே!"

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. பய்யூமி ஹாஜியும் சிரித்தார். சத்தம் இல்லாமல், பல் தெரியும் அளவுக்கு மட்டும். நான் அவருக்கு இரண்டு படி கீழே நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கு அந்தப் படியே பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

சமையலறையில் நெர்மீன் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரிஃபாத் ஃப்ரிட்ஜை இறக்கி, சுவரோடு சேர்த்து, கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தான். தங்கை அவனைப் பார்க்காமல், "கொஞ்சம் இடது பக்கம்" என்றாள். நகர்த்தினான். பிறகு தலையைக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். எனக்கும் கேட்டுவிட்டது.

"பயப்படாத நெர்மீன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் குவைத்துலதான் இருக்கேன்."

அவள் கையில் இருந்த தட்டு நழுவி மேஜையில் விழுந்தது, உடையவில்லை. அவன் வெளியே போய்விட்டான்.

சாப்பாடு வைத்தார்கள். வாத்து, அடைத்த கத்தரிக்காய், மக்ரோனி, சிவப்புச் சர்பத். சம்பந்திகளுக்கு மேஜையில். தூக்கின ஆளுக்குப் படிக்கட்டில். சுஹைர் தானே ரொட்டிக்குள் இறைச்சி வைத்து, காகிதத்தில் சுற்றி, ஒரு குவளைத் தண்ணீரோடு அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். "பாவம், என்னமா உழைச்சான்" என்றாள். சொல்லப்போனால், எங்கள் கட்டிடம் இத்தனை மாதத்தில் அவனுக்குக் கொடுத்ததைவிட அது அதிகம்.

பய்யூமி ஹாஜி தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு வாய் உள்ளே போகவில்லை. சுஹைர் கம்பளிகளைத் தடவிப் பார்த்தாள்.

"உம்மு ரிஃபாத், குவைத்துச் சரக்குன்னா தனி மெதுதான்! இந்தக் காலத்துல எந்த அண்ணன் தங்கச்சிக்கு இவ்வளவு செய்யறான்? கல்யாணத்துக்கு வந்துடுவான் இல்ல?"

"லீவு... லீவு கொடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள் உம்மு ரிஃபாத்.

"அடப்பாவிங்களா! சரி, ஒரு போன் போடுங்க. முகத்தைப் பாத்து நானே நன்றி சொல்லிடறேன். இன்னி வரைக்கும் பையனை நாங்க பாத்ததே இல்லியே. தாமிர், உன் போனை எடு. நம்பர் சொல்லுங்க ஹாஜி."

"இப்ப வேலையில இருப்பான்" என்றார் பய்யூமி ஹாஜி.

"வெள்ளிக்கிழமை, லீவு நாள்ல என்ன வேலை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தார் எல்லோரும். குவைத் விஷயம் என்றால் டீச்சர்தானே. என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. கடல் நடுவே எண்ணெய்க் கிணறு, அங்கே போன் எடுக்காது என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நெர்மீன் எனக்கு முந்திக்கொண்டாள்.

"போன் எதுக்கு அத்தை? கதவைத் திறந்து நீங்களே சொல்லுங்க. எங்கண்ணன் படிக்கட்டுல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கான்."

ஒருவரும் மெல்லவில்லை. தாமிரின் மாமா வாயருகே கொண்டுபோன கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். சுஹைர் முதலில் சிரிக்கப் பார்த்தாள். நெர்மீனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அந்தக் கூலிக்..." என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையை முடிக்காமல் விழுங்கினாள்.

"கூலிக்காரன் இல்ல. ரிஃபாத். அவனுக்கு மனசுல வியாதி. கை நடுங்கறது மருந்தால. குடிக்கல" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னாள் நெர்மீன். "மோதிரம் வேணும்னா இப்பவே கழட்டித் தர்றேன். ஆனா இன்னொரு தடவை அவனைப் படிக்கட்டுல உக்கார வெச்சுட்டு என்னால இங்க உக்காந்து சர்பத் குடிக்க முடியாது."

கல்யாணம் நடந்ததா என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். நடந்தது. சுஹைர் பல வாரம் முறுக்கிக்கொண்டாள், வியாதிக்காக இல்லை, தன்னை முட்டாளாக்கியதற்காக. அந்தக் கோபம் நியாயம்தான். தாமிர் உறுதியாக நின்றான். அதெல்லாம் ஊர் வாய்க்கு. எனக்குச் சொல்ல வேண்டியது அந்தக் கதவுக்கு வெளியே நடந்தது.

பய்யூமி ஹாஜி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. போய்க் கதவைத் திறந்தார். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அடுத்து எழுந்தது நான்; எங்களுக்குப் பின்னால் சுஹைர், தாமிர், எல்லோரும்.

கதவுச் சத்தம் கேட்டதுமே ரிஃபாத் எழுந்து நின்றுவிட்டான். பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, புறங்கையால் மீசையைத் துடைத்தான். உள்ளே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. அப்பாவையும் அவர் தோளுக்குப் பின்னால் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தான். பய்யூமி ஹாஜி கையை நீட்டினார்.

"இவன்..." என்றார். மேலே வரவில்லை. "இவன் வந்து..."

அவர் திணறுவதைப் பார்த்து ரிஃபாத்தின் கண்ணில் பதற்றம் வந்தது. சம்பந்திகள் முன்னால் அப்பா மாட்டிக்கொண்டார் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அவரைக் காப்பாற்ற அவசரமாக ஒரு படி கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல கூலிக்காரன் பேசுவதுபோலவே பேசினான்.

"வேலை முடிஞ்சுதுங்களா, ஹாஜி? அப்ப நான் கிளம்பட்டுங்களா?"

பய்யூமி ஹாஜி சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். 'அப்பான்னு கூப்பிடுடா' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பின்னால் நின்ற எங்களில் ஒருவருக்கும் தலை நிமிரவில்லை.